கனமான டெலிஃபோட்டோ லென்ஸுக்கு ட்ரைபாட் தேர்ந்தெடுப்பது எப்படி? தாங்குவது வேறு, அசையாமல் நிற்பது வேறு

வேடந்தாங்கல் கரையில் ஒரு ஜனவரிக் காலை. மேகமூட்டம். எதிர் மரத்தில் கூழைக்கடா ஒன்று அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பறவையைப் படமெடுப்பதில் என்ன சிரமம் இருந்துவிடப் போகிறது? நிக்கான் டி500 கேமரா, 200-500 மி.மீ. லென்ஸ், அடியில் அந்த மாதம்தான் வாங்கிய ட்ரைபாட். பெட்டியில் '8 கிலோ தாங்கும்' என்று அச்சிட்டிருந்தார்கள். என் சுமை மொத்தமே மூன்றேகால் கிலோ. 1/100 நொடி வைத்து அறுபது படம் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது கூர்மையாக இருந்தவை நான்கு.

முதலில் லென்ஸைத் திட்டினேன். அப்புறம் என் விரலை. மறுநாள் மொட்டை மாடியில் ட்ரைபாடை விரித்து, எதிர்வீட்டுச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியின் எழுத்துகளை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) முழுதாகப் பெரிதாக்கி, லென்ஸை விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினேன். எழுத்துகள் ஆடின. ஆடிக்கொண்டே இருந்தன. அடங்குவதற்கு நான்கு விநாடி ஆயிற்று. ட்ரைபாட் சாயவில்லை, வழுக்கவில்லை. சொன்னபடி தாங்கத்தான் செய்தது. அசையாமல் நிற்பேன் என்று அந்தப் பெட்டியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு.

அதற்குப் பிறகு இன்னொன்று வாங்கி, அதையும் விற்று, மூன்றாவதில்தான் நிம்மதி கிடைத்தது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில்: உங்களுக்கு ட்ரைபாட் தேவைதானா?

விற்பனையாளர் கேட்க மாட்டார், நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கேனான் ஆர்எஃப் 100-500 லென்ஸ் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாடில் பொருத்தும் வளையம்) இல்லாமல் 1.37 கிலோ. நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப் 1.46 கிலோ. இந்த எடைக்குள் இருந்து, பெரும்பாலும் பறக்கும் பறவைகளை வெயிலில் எடுப்பவர் என்றால் கையிலேயே பிடிக்கலாம். வால்பாறைப் பக்கம் இருவாச்சியைத் தேடி நடப்பவருக்கு ட்ரைபாட் தோளில் ஏறிய பாரம்தான். வனத்துறை வண்டிக்குள் விரிக்கவும் இடமிருக்காது. அங்கே ஜன்னல் விளிம்பில், லென்ஸுக்குத் தலையணை போல வைக்கும் பீன் பேக்தான் சரி. போகும்போது காலிப் பையாக எடுத்துப் போய், அங்கே கடையில் இரண்டு கிலோ பச்சைப்பயறு வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சுண்டல்.

ஒரே இடத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பவர், 2 கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸ் வைத்திருப்பவர், விடியலிலும் அந்தியிலும் எடுப்பவர், வீடியோ எடுப்பவர்: இவர்களுக்கு ட்ரைபாட் இல்லாமல் ஆகாது. மீன்கொத்தி வந்து உட்காரும் குச்சியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் மூன்று கிலோவைக் கையில் தூக்கி வைத்திருந்தால், அது வந்து உட்காரும் அந்த ஒரு நொடியில் கை இறங்கியிருக்கும்.

படி 1: எடை போடுங்கள்

உத்தேசமாகச் சொல்லாதீர்கள். பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய லக்கேஜ் தராசு போதும். கேமரா, பேட்டரி, லென்ஸ், டெலிகன்வெர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்), பிளேட் (லென்ஸின் அடியில் திருகி ட்ரைபாடில் பூட்டும் தட்டு) எல்லாவற்றையும் பையில் போட்டு ஒரே தடவையில் நிறுத்துவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எடைகள். சிக்மா 150-600 காண்டெம்பரரி 1.93 கிலோ. அதே அளவில் பழைய டிஎஸ்எல்ஆர் ஸ்போர்ட்ஸ் மாடல் 2.86 கிலோ. சோனி 200-600, காலர் இல்லாமல் 2.1 கிலோ. நிக்கான் 200-500, காலரோடு 2.3 கிலோ. பெரிய லென்ஸ்களுக்குப் போனால், கேனான் இஎஃப் 600 எஃப் 4 இரண்டாம் பதிப்பு 3.92 கிலோ. அதன் பிறகு வந்த ஆர்எஃப் 600 எஃப் 4, சோனி 600 எஃப் 4 இரண்டும் 3 கிலோவை ஒட்டியே இருக்கின்றன. கண்ணாடிகளை உள்ளே பின்பக்கம் தள்ளி வைத்ததால் முன்பாரமும் குறைந்துவிட்டது.

இஎஃப் 600-உடன் 1.5 கிலோ எடையுள்ள 1டிஎக்ஸ் வகைக் கேமரா, 1.4 மடங்கு கன்வெர்ட்டர், பிளேட் எல்லாம் சேர்ந்தால் ஐந்தே முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும். அதோடு கிம்பல் ஹெட் (கால்களுக்கு மேலே லென்ஸைத் தாங்கித் திருப்பும் தலைப்பகுதி) ஒன்றரை கிலோ. கால்கள் சுமக்க வேண்டியது ஏழு கிலோவைத் தாண்டுகிறது. ஹெட்டும் காலுக்குப் பாரம்தான் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 2: பெட்டியில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

'இத்தனை கிலோ தாங்கும்' என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளக்கிறது. ஒருவர் கால் வழுக்காமல் நிற்கும் எடையைச் சொல்வார், இன்னொருவர் அதில் பாதியைச் சொல்லிப் பாதுகாப்பாக இருந்துகொள்வார். இரண்டு பெட்டிகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் சுமையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்று முதல் வடிகட்டலில் கழித்துக்கட்ட அந்த எண் உதவும். அதற்குமேல் அதற்கு வேலையில்லை.

டி500-இன் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.0042 மி.மீ. லென்ஸ் 500 மி.மீ.யில் இருக்கும்போது அதன் மூக்கு ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு மேலோ கீழோ போனாலே பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அது. ட்ரைபாட் இந்த அளவில் அடங்க வேண்டும். பத்து கிலோ தூக்கியும் இந்த அளவில் ஆடுகிற ட்ரைபாட் கடைகளில் நிறையவே உண்டு.

ஆக, பார்க்க வேண்டியது விறைப்பு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விளம்பரங்களைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

படி 3: காலின் விட்டம்

முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். குழாயின் சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தால், வளைவை எதிர்க்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். மேல் குழாய் 25 மி.மீ. உள்ள காலையும் 32 மி.மீ. உள்ள காலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விறைப்போ இரண்டு மடங்குக்குமேல். 28-இலிருந்து 36-க்குப் போனாலும் அதே கதைதான். என் முதல் ட்ரைபாடின் மேல் குழாய் 25 மி.மீ. நான்கு விநாடி ஆட்டத்துக்கு விடை அங்கேயே இருந்தது.

என் கணக்கு இது. 2 கிலோவை ஒட்டிய 150-600, 200-600 வகை ஜூம்களுக்குக் குறைந்தது 28, முடிந்தால் 32 மி.மீ. 3 கிலோ வகையான 500 எஃப் 4, புதிய 600 எஃப் 4 லென்ஸ்களுக்கு 32 முதல் 36. பழைய கனத்த 600, 800 லென்ஸ்களுக்கு 36-க்குக் கீழே போக வேண்டாம். கன்வெர்ட்டர் போடும் பழக்கம் இருந்தால் ஒரு படி மேலேயே போங்கள். எடை கால் கிலோவுக்குள்தான் கூடும், ஆனால் 600 என்பது 840 ஆகிவிடும், ஆட்டமும் அதே விகிதத்தில் பெரிதாகத் தெரியும்.

மாடல் பெயரிலேயே இந்த எண் பல சமயம் ஒளிந்திருக்கும். லியோஃபோட்டோவின் எல்எஸ்-365சி என்றால் மேல் குழாய் 36 மி.மீ., ஐந்து அடுக்கு (ஒன்றுக்குள் ஒன்று செருகிய ஐந்து குழாய்), கார்பன். எல்எஸ்-324சி என்றால் 32 மி.மீ., நான்கு அடுக்கு. ஜிட்ஸோ வரிசை எண் போடுகிறது: வரிசை 2 ஏறக்குறைய 29 மி.மீ., வரிசை 3 ஏறக்குறைய 33, வரிசை 5 ஏறக்குறைய 42. மற்றவற்றில் விவரப் பட்டியலைத் தேடுங்கள். விட்டத்தை எங்குமே போடாத நிறுவனமாக இருந்தால் நான் தயங்குவேன்.

அடுக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அடுக்கும் மேலிருப்பதைவிட மெலிந்தது. ஐந்து அடுக்குக் காலில் கடைசிக் குழாய் குச்சி போல இருக்கும், அதுதான் மண்ணில் நிற்கும். மூன்று அடுக்கு விறைப்பானது, மடித்தால் நீளம் அதிகம். காரில் போகிறவர் மூன்றை எடுக்கலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவருக்கு நான்கு நல்ல சமரசம். ஐந்தை விமானப் பயணம் அடிக்கடி உள்ளவருக்கு மட்டும் சொல்வேன்.

படி 4: கார்பனா, அலுமினியமா?

காசு இருந்தால் கார்பன் ஃபைபர். எடை குறைவு, அதிர்வை விரைவில் அடக்கும், ஏப்ரல் வெயிலில் தொட்டாலும் கை சுடாது. அலுமினியம் கெட்டதில்லை. ஒரே விலைக்கு 25 மி.மீ. கார்பனும் 32 மி.மீ. அலுமினியமும் கிடைத்தால் யோசிக்காமல் அலுமினியத்தை எடுங்கள், ஒரு கிலோ கூடச் சுமக்க மனமிருந்தால். அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், தட்டி நிமிர்த்தி ஓட்டலாம். கார்பன் கூர்மையான பாறை முனையில் விழுந்து விரிசல் விட்டால் குழாயை மாற்ற வேண்டியதுதான்.

படி 5: உயரம்

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் '170 செ.மீ.' என்று இருக்கும். நடுத்தண்டை முழுக்க உயர்த்தி அளந்த உயரம் அது. நடுத்தண்டை உயர்த்திவிட்டால் மூன்று காலின் மேல் ஒற்றைக்காலை நட்டது போல, கனமான லென்ஸ் அதன் உச்சியில் பம்பரமாய்த் தள்ளாடும். கனமான லென்ஸுக்கு நடுத்தண்டே இல்லாத ட்ரைபாட்தான் வேண்டும். மேலே தட்டையான தட்டோ, 75 அல்லது 100 மி.மீ. கிண்ணமோ இருக்கும் வகை. ஏற்கனவே இருப்பதில் நடுத்தண்டு இருந்தால் அதை உயர்த்தாதீர்கள். கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

தேவையான உயரத்தை இப்படிக் கணக்கிடுங்கள். செருப்போடு நேராக நின்று தரையிலிருந்து கண் வரை அளக்கவும். 170 செ.மீ. ஆளுக்கு அது 158 இருக்கலாம். கிம்பல் ஹெட்டின் அச்சு ட்ரைபாடின் மேல்தட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கடையில் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். கேமராவின் கண் துவாரம் அதற்கும் சற்று மேலே. 158-இல் 20 போனால் 138. சமதரையில் 140 செ.மீ. கால் போதும்.

ஆனால் நாம் நிற்பது சமதரையிலா? ஏரிக்கரைச் சரிவில் ஒரு காலாவது கீழ்ப்பக்கம் இறங்கும். சேற்றில் பத்து செ.மீ. புதையும். மரத்தின் மேலிருக்கும் பனங்காடையை அண்ணாந்து எடுக்கும்போது கேமரா தாழ்ந்து கண்ணுக்குக் கீழே போய்விடும். அதனால் கணக்கில் வந்த உயரத்தோடு 15 செ.மீ. சேர்த்து வாங்குங்கள். இருக்கும் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லாததை எங்கே போய் நீட்டுவது? நான் இரண்டாவதாக வாங்கியதை விற்றதற்குக் காரணம் இது ஒன்றுதான். கால் தடிமன் எல்லாம் சரி, கூன் போட்டே முதுகு போயிற்று.

குறைந்த உயரமும் முக்கியம். கோடிக்கரை, பழவேற்காடு சேற்றுத்திட்டுகளில் உள்ளான்களை நின்றபடி எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறு. அவற்றின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி கரைந்து பறவை மட்டும் நிற்கும். நடுத்தண்டு இல்லாத ட்ரைபாடின் கால்களைத் தரையோடு தரையாக விரிக்கலாம். காலின் கோணத்தை மாற்றும் கொக்கி ஒவ்வொரு காலுக்கும் தனியாக, கெட்டியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 6: லாக்கும் பாதமும்

அடுக்குகளை நீட்டிப் பூட்டும் லாக்கில் திருகும் வகை, நெம்பும் வகை இரண்டில் எது என்பது பழக்கம். மணலிலும் சேற்றிலும் புழங்குகிறவருக்குத் திருகும் வகையே நல்லது என்பது என் கருத்து. உடைவதற்கு ஒன்றும் துருத்திக்கொண்டிருக்காது, பிரித்துக் கழுவுவதும் சுலபம். பாதத்தில் ரப்பரைக் கழற்றி இரும்புக் கூர்முனை போடும் வசதி இருக்கட்டும்.

படி 7: ஹெட்

கால் நன்றாக இருந்து ஹெட் சொத்தையாக இருந்தால் செலவு செய்த பணமெல்லாம் வீண். இங்கே நிதானமாகப் பாருங்கள்.

பால் ஹெட்டில் லென்ஸ் பந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குமிழைத் தளர்த்திய நொடி மூன்று கிலோவும் ஒரு பக்கம் சாயும். பிடி நழுவினால் லென்ஸ் காலில் மோதும், விரல் நடுவில் மாட்டும். பறவை அசையும்போதெல்லாம் தளர்த்தி, திருப்பி, இறுக்கி என்று மல்லுக்கட்டினால் பறவை போய்விடும். நிலக்காட்சிக்கு அருமையான கருவி, இந்த வேலைக்குப் பொருத்தமில்லை.

கிம்பல் ஹெட்டில் லென்ஸ் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. அதன் எடைமையம் சுழலும் அச்சிலேயே இருப்பதால் எடை தெரியாது. ஒரு விரலால் மேலும் கீழும் நகர்த்தலாம், விட்ட இடத்தில் நிற்கும். இந்த வகையைப் பறவைப் படக்காரர்களிடையே பரவலாக்கியது அமெரிக்காவின் விம்பர்லி நிறுவனம். அவர்களின் டபிள்யூஎச்-200 இன்றும் அளவுகோல். அதன் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. பென்ரோ, லியோஃபோட்டோ, ஜோபு ஆகியவற்றிலும் கிம்பல்கள் உண்டு. வாங்கும்போது சோதிக்க வேண்டியவை இரண்டு. சுழற்சி ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வழுக்க வேண்டும், நடுவில் தடங்கக் கூடாது. கையை முன்னும் பின்னும் ஆட்டினால் அச்சில் 'டக்' என்ற இடைவெளி இருக்கக் கூடாது.

வீடியோதான் முக்கியம் என்றால் ஃப்ளூயிட் ஹெட் (திரவத் தடையால் குலுங்காமல் சீராகத் திரும்பும் வகை) நல்லது. இரண்டும் கலந்து எடுப்பவர் கிம்பலில் தொடங்கி, தேவைப்பட்டால் பிறகு மாறலாம்.

கிம்பல் வாங்கியும் சமன் செய்யாமல் குமிழை இறுக்கியே பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சமன் செய்ய ஐந்து நிமிடம் போதும். ட்ரைபாடின் மேல்தட்டைக் குமிழிமட்டம் பார்த்துச் சமமாக்குங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் திருப்பும்போது அடிவானம் சரியும். காலை நீட்டிக் குறுக்கிச் சமமாக்குவது அலுப்பு என்றால் இடையில் லெவலிங் பேஸ் போடலாம். பிறகு சாய்வுக் குமிழை இறுக்கிவிட்டு லென்ஸை மாட்டுங்கள். ஒரு கை லென்ஸின் மேல் இருக்கட்டும். மெல்லத் தளர்த்திப் பாருங்கள். மூக்கு தாழ்ந்தால் பிளேட்டைப் பின்னால் நகர்த்தவும், கேமரா தாழ்ந்தால் முன்னால். கிடைமட்டமாக நின்றதும் மூக்கை 30 பாகை மேலே தூக்கிக் கையை எடுங்கள். தானாகத் திரும்பிக் கிடைமட்டத்துக்கு வந்தால் லென்ஸ் அச்சுக்குக் கீழே தொங்குகிறது, தாங்குதட்டை உயர்த்துங்கள். இன்னும் மேலே சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் அச்சுக்கு மேலே இருக்கிறது, தட்டை இறக்குங்கள். விட்ட இடத்தில் நின்றுவிட்டால் முடிந்தது. பிளேட்டின் அந்த இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இருட்டில் உதவும்.

ஜூம் செய்தால் நீளும் லென்ஸ்களில் இந்தச் சமன் மாறிக்கொண்டே இருக்கும். சிக்மா 150-600, நிக்கான் 200-500 அப்படித்தான். பெரும்பாலும் பயன்படுத்தும் நீண்ட முனையில் வைத்துச் சமன் செய்யுங்கள். சோனி 200-600, நிக்கான் 180-600 உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகின்றன, நீளம் மாறாது. கிம்பலில் வைத்தால்தான் இந்த வசதியின் அருமை தெரியும்.

படி 8: லென்ஸின் பாதமும் பிளேட்டும்

லென்ஸையும் ஹெட்டையும் இணைக்கும் அந்தச் சின்னப் பாதத்தை யாரும் பார்ப்பதில்லை. நீண்டு மெலிந்த பாதமானால் கால் எவ்வளவு தடிமனாக இருந்தும் லென்ஸ் அங்கே ஆடும். லென்ஸின் மூக்கைப் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள், எந்த இடம் வளைகிறது என்று கண்ணுக்கே தெரியும். பாதம் வளைந்தால், குட்டையான, கெட்டியான மாற்றுப் பாதம் வாங்கலாம்.

பிளேட் ஆர்க்கா-சுவிஸ் பாணியில் (பல நிறுவனங்களும் பின்பற்றும், சரிந்த விளிம்புள்ள வடிவம்), 38 மி.மீ. அகலத்தில் இருக்கட்டும். டாம்ரான் 150-600 ஜி2 போன்ற சில லென்ஸ்களின் பாதமே அந்த வடிவில் வருகிறது. மற்றவற்றுக்குத் தனி பிளேட் வேண்டும். கனமான லென்ஸுக்கு நீளமான பிளேட் எடுத்து, இரண்டு திருகாணியால் பூட்டுங்கள். ஒரே திருகாணி என்றால் நாளடைவில் திரும்பிவிடும். பிளேட்டின் இரு முனையிலும் உள்ள தடுப்புத் திருகாணிகளைக் கழற்றி வைக்காதீர்கள். பிடி தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கித் தரையில் விழாமல் காப்பவை அவை. ட்ரைபாடையும் ஹெட்டையும் இணைக்கும் திருகாணி 3/8 அங்குலமாக இருக்க வேண்டும். 1/4 அங்குலம் சிறிய கேமராக்களுக்கு.

படி 9: கடையில், அல்லது திருப்பி அனுப்பும் கெடுவுக்குள், ஒரு சோதனை

உங்கள் லென்ஸையும் கேமராவையும் எடுத்துக்கொண்டே போங்கள். 'எடுத்துட்டு வந்திருக்கேன், மாட்டிப் பாக்கட்டுமா?' என்று கேட்டால் நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள். கால்களை முழுக்க நீட்டி, மேல்தட்டை இரண்டு கையாலும் பிடித்து, குடத்தைத் திருப்புவது போல இடமும் வலமும் திருப்பப் பாருங்கள். எல்லா ட்ரைபாடும் கொஞ்சம் முறுகும். அதே கடையில் ஒரு விலை உயர்ந்ததிலும் அதே போலச் செய்து பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும். அப்புறம் லென்ஸை மாட்டி, தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள பெயர்ப்பலகையை லைவ் வியூவில் பெரிதாக்கி, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் நிலைநிறுத்தியை அணைத்துவிட்டு, தட்டிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கினால் நல்லது. இரண்டு வரை சமாளிக்கலாம். நான்கு என்றால் என் கதை உங்களுக்கும் நடக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி வந்த அன்றே மாடிக்குக் கொண்டுபோய் இதைச் செய்துவிடுங்கள். பழையதை வாங்குவதிலும் தயக்கம் வேண்டாம். நல்ல ட்ரைபாட் கேமராவைப் போல வருடத்தில் பழசாகிவிடாது. கார்பன் குழாய்களை நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள், விரிசல் உள்ள இடத்தில் ஓசை மட்டமாக மாறும். லாக் ஒவ்வொன்றையும் பூட்டி, மேல்தட்டில் கையூன்றி அழுத்திப் பாருங்கள். கால் இறங்கக் கூடாது.

பணம் ஒரேயடியாக இல்லையென்றால் முதலில் காலை நல்லதாக வாங்குங்கள். சுமாரான கிம்பலோடு ஓராண்டு ஓட்டலாம். நல்ல கிம்பலைச் சொத்தைக் காலில் வைத்து ஓட்ட முடியாது.

படி 10: களத்தில்

ஒரு கால் பறவையை நோக்கி, லென்ஸின் நேர் கீழே இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். சரிவில் என்றால் இரண்டு கால் கீழ்ப்பக்கம். நீட்ட வேண்டியிருந்தால் தடித்த மேல் அடுக்குகளை முதலில் நீட்டுங்கள். சேற்றில் ஒவ்வொரு காலையும் அது நிற்கும் வரை அழுத்தி இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும்.

பையைக் கீழே தொங்கவிடச் சொல்வார்கள். காற்றில்லாத நாளில் சரி. காற்றடித்தால் அந்தப் பை ஊசலாடி ட்ரைபாடையும் ஆட்டும். தொங்கவிடுவதானால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விடுங்கள். கோடிக்கரைக் கடற்காற்றில் லென்ஸின் பெரிய ஹூட் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். வெயில் எதிரே இல்லையென்றால் கழற்றிவிடலாம். அத்தகைய நாளில் நின்று எடுப்பதைவிட உட்கார்ந்து எடுப்பதே மேல், காலின் மெலிந்த கடைசி அடுக்குகள் உள்ளேயே இருக்கும்.

பார்வைக் கோபுரத்தில் ட்ரைபாடைவிடக் கோபுரம்தான் ஆடும். யாராவது படியேறினால் பிம்பம் குலுங்கும். அவர் வந்து நிற்கும்வரை பொறுத்திருங்கள், இல்லையென்றால் இறங்கிக் கரைக்கு வந்துவிடுங்கள்.

கிம்பலில் குமிழ்களை லேசான பிடிப்பில் விட்டு, கண்ணைக் கேமராவில் அழுந்தப் பதித்து, இடக்கையை லென்ஸின் மேல், பாதத்துக்கு நேர் மேலே வையுங்கள். அந்தக் கையின் கனமே அதிர்வைத் தின்றுவிடும். பொத்தானைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்துங்கள். நிலைநிறுத்தியைப் பொறுத்தவரை, கிம்பல் தளர்வாக இருந்து உங்கள் கை லென்ஸின் மேல் இருந்தால் போட்டே வைக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கி ரிமோட்டில் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள், ட்ரைபாடைத் தானே உணர்ந்துகொள்ளும் லென்ஸ் என்று கையேட்டில் இருந்தாலொழிய. கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் 1/60-க்குக் கீழே போனால் கண்ணாடி மேலெழும் அதிர்வே படத்தைக் கெடுக்கும். லைவ் வியூவில் எலக்ட்ரானிக் முதல் திரை (ஷட்டரின் முதல் திரை அசையாமல் சென்சாரே படத்தைத் தொடங்கும் வசதி) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நகரும்போது இரண்டு குமிழையும் இறுக்கிவிட்டுத்தான் தோளில் தூக்க வேண்டும். கூட்டமுள்ள கரையில் லென்ஸ் உங்கள் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது, பின்னால் வருகிறவர் நெற்றிக்குத் தெரியும். கூடுகள் உள்ள மரத்தடியில் போய் விரிக்காதீர்கள். 600 மி.மீ. வாங்கியதே தூரத்தில் நிற்பதற்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஏரித் தண்ணீர் என்றால் ஈரத்துணியால் துடைத்து, கால்களை நீட்டியபடி நிழலில் காயவிட்டால் போதும். உப்புத்தண்ணீரில் நின்ற ட்ரைபாடை அன்று இரவே கவனிக்க வேண்டும், எவ்வளவு தூக்கம் வந்தாலும். குழாய் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதும், லாக்கின் உலோகம் வெள்ளைப் பொடி பூப்பதும் உப்பால்தான். பாதத்தின் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு லாக்கையும் முழுக்கக் கழற்றி, குழாயை உருவுங்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் அரைவளையங்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒரு காலைப் பூட்டி முடித்த பிறகே அடுத்த காலைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கியால் மரையில் உள்ள மணலை எடுத்து, இரவு முழுக்கக் காயவைத்து, மரையில் மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். குழாயின் மேல் கிரீஸ் பட்டால் லாக் பிடிக்காது, அதைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.